கிட்டத்து விண்மீனிலும் அதே வட்டம்

சென்ற மாதம், ஆய்வு மாணவர்களான உங்களில் இரண்டு பேர் வண்டியூரில் என் வீட்டைத் தேடி வந்தீர்கள். தெப்பக்குளத்தை இரண்டு சுற்று சுற்றியும் தெரு பிடிபடவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள். என்னுடைய பழைய கணினி நிரல்கள் இருந்தால் வேண்டும் என்று கேட்டீர்கள். அவை இப்போது என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் இன்றைய கணினிகளில் ஓடாது. கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், ஒரு ரிசல்ட் வந்துருச்சுன்னா, அது நெசமா வந்ததா, நம்ம ஆசையில வந்ததான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வாசலில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. போகட்டும் என்று அன்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு நான்கு நாள் அதே நினைவாக இருந்தது. எனக்குத் தெரிந்த பதில், என் பணிக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம். அதில் நான் நல்லவளாக வரமாட்டேன். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிவிட்டதால் இனி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எங்களுடையது தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் ஜவுளி வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிர மொழி, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். என் ஆராய்ச்சி என்னவென்று இந்த மூன்று மொழியில் ஒன்றிலும் வீட்டாருக்குப் புரிய வைக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால் அண்ணன் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "தங்கச்சி வானத்துல காந்தம் தேடுது."

அது ஒன்றும் தவறான விளக்கம் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இந்தக் கதைக்குத் தேவையான அளவு சொல்லிவிடுகிறேன். வெகுதொலைவில் உள்ள சில விண்மீன் திரள்களின் நடுவிலிருந்து மிக வலுவான காமா கதிர்கள் நம்மை நோக்கிக் கிளம்புகின்றன. எல்லாம் நம்மிடம் வந்து சேர்வதில்லை. வழியில் பரவிக் கிடக்கும் பழைய விண்மீன் வெளிச்சத்தோடு மோதி, அவை எலக்ட்ரான், பாசிட்ரான் என்று ஜோடித் துகள்களாக மாறிவிடுகின்றன. அந்தத் துகள்கள் கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் காமா கதிரைப் பிறப்பிக்கின்றன. இது இரண்டாம் தலைமுறை, வலு குறைந்தது. துகள்களாக ஓடும் அந்தக் கொஞ்ச தூரத்தில் காந்தப்புலம் இருந்தால் அவற்றின் பாதை வளையும். வளைந்தால், இரண்டாம் தலைமுறைக் கதிர் சற்று விலகிய திசையிலிருந்து வருவதுபோலத் தெரியும். அதாவது, புள்ளியாகத் தெரிய வேண்டிய மூலத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் விழும். திரள்களுக்கு நடுவே உள்ள வெறுமையில் காந்தமானி கொண்டுபோய் வைக்க யாராலும் முடியாது. அந்த வட்டத்தை அளந்தால் காந்தப்புலத்தை அளந்த மாதிரி.

அந்த வட்டம் எவ்வளவு அகலமாக இருக்கும் என்று கணக்குப் போடுவதில் என் முப்பதுகள் போயின. துறை முழுவதற்கும் ஒரே ஒரு நல்ல கணினி. குளிர்சாதன அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்தால் சில நாள் ஒரு செருப்பு இருக்கும், மற்றதை வளாகத்துக்குப் பின்னாலுள்ள மலையிலிருந்து இறங்கிவந்த குரங்கு எடுத்துப்போயிருக்கும். ஒற்றைச் செருப்போடு பெரியார் நிலையம் வரை பேருந்தில் போயிருக்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிவிடுகிறது. வெளிநாட்டுக் கட்டுரைகள் தபாலில் வரும். தல்லாகுளத்தில் முதல் பிரவுசிங் சென்டர் திறந்தபோது, காத்திருப்போர் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே நானும் உட்கார்ந்திருப்பேன். ஒரு படம் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும். அது முழுதாக வருவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர்களின் குடும்ப விவரமெல்லாம் தெரிந்துவிடும்.

அப்போதைய தொலைநோக்கிகளுக்கு என் வட்டத்தைப் பார்க்கும் கூர்மை இல்லை. ஒரு கருத்தரங்கில் என் கணக்கைப் படித்தேன். வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் இருந்த மூத்த விஞ்ஞானி முன் வரிசையில் இருந்தார். எங்கள் வட்டாரத்தில் அவரைப் பெரியவர் என்றே சொல்வோம். பேசி முடித்ததும் அவர், "கணக்கு அழகாக இருக்கிறது. பார்க்கவே முடியாத ஒன்றுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அரங்கு சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பத்துப் பதினைந்து வருடம் உள்ளே வைத்திருந்தேன். நடக்கப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் ஒரு நாள் பேச்சியம்மாள் வந்தாள். செக்கானூரணிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்றாள்.

"ஏன்மா, இம்புட்டு நாள் கழிச்சு?" என்று கேட்டேன்.

"பிள்ளைகளுக்கு வருசா வருசம் அதே கணக்கத்தான் போட்டுக் காட்டுறேன் மேடம். விடை தெரியாத கணக்கு ஒண்ணாவது போடணும்னு இருக்கு" என்றாள்.

அவளைச் சேர்த்துக்கொண்டேன். டீச்சர் பழக்கம் அவளை விடவில்லை. எந்தக் கணக்கைப் போட்டாலும் அடியில் கோடு கிழித்துச் சரிபார்ப்பாள். நான் போட்ட கணக்கையும் சரிபார்ப்பாள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அப்புறம், உண்மையைச் சொன்னால், நானாகச் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதுதான் பேச்சி பார்த்துக்கொள்கிறாளே.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் புதிய காமா கதிர்த் தொலைநோக்கி ஒன்று விண்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. அது திரட்டியதையெல்லாம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். எங்களுக்கு அதை நம்பவே முடியவில்லை. மதுரைக்கு மேற்கே ஒரு மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய நிறுவனங்கள் பார்க்கிற அதே வானத்தைப் பார்க்கலாம். துறையின் தொலைபேசி இணைப்பு வழியாக அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. பகலில் பாதி மின்சாரம் போகும், போனால் முதலிலிருந்து. பேச்சி ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் கோப்பு எத்தனையாவது தடவையில் முழுதாக வந்தது என்று எழுதிவைத்தாள்.

ஒரே ஒரு மூலத்தை எடுத்தால் வெளிச்சம் போதாது. அதனால் வெகுதொலைவில் உள்ள மூலங்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். எந்தக் கருவியும் புள்ளியைக் கொஞ்சம் பரப்பித்தான் காட்டும். எவ்வளவு பரப்பும் என்று தொலைநோக்கியைக் கட்டியவர்களே அட்டவணை கொடுத்திருந்தார்கள். அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். நான் வகுப்பு முடித்து வந்தேன். பேச்சி திரைக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கோட்டை கட்டியிருக்கு மேடம்" என்றாள்.

நிலாவைச் சுற்றி மழைக்கு முன்னால் ஒளிவட்டம் தெரிந்தால் அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். திரையில், நடுவிலிருந்த பிரகாசத்தைச் சுற்றி, மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், ஒரு வட்டம் இருந்தது. அதன் அகலம் என் பழைய கணக்குக்கு மிக நெருக்கமாக இருந்தது. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதற்குமேல் அந்த முற்பகலில் வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை.

மறு வாரமே பேச்சி ஒன்று கேட்டாள். "மேடம், நம்ம பால்வெளிக்குள்ளயே இருக்கிற ஒண்ண வச்சு இதே மாதிரி ஓட்டிப் பாத்துருவமா? கிட்டக்க இருக்கிறதுக்குக் கோட்டை வர வழியில்லையே."

சரியான யோசனை. இன்று உங்களில் யார் வந்து சொன்னாலும் முதுகில் தட்டிக்கொடுப்பேன். அன்று, "அட்டவணை போட்டவங்க நம்மளவிடப் பெரிய ஆளுக. அதச் சந்தேகப்பட்டா எங்க போய் முடியும்? எழுதுற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அட்டவணை தரையில் செய்த சோதனைகளை வைத்துப் போட்டது, விண்வெளியில் கொஞ்சம் மாறலாம் என்று அவர்களுடைய கையேட்டிலேயே ஒரு வரி இருந்தது. அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன்.

இரண்டாவது தடவையும் கேட்டாள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் துறையில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று ஏற்பாடாகியிருந்தது. துறைத் தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் முதல் நாள் முக்கியப் பேச்சாக என் பெயரைப் போட்டார். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார். என் அமர்வுக்குத் தலைமை தாங்க யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? பெரியவரை. அவரும் வருவதாக எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கருத்தரங்குக்கு முந்திய நாள் பிற்பகல், நானும் பேச்சியும் கீழக்குயில்குடிக்குப் போனோம். விருந்தினர்களை இரண்டாம் நாள் மாலை அங்கே சமணர் மலைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. பேருந்து எங்கே நிற்கும், தேநீருக்கு என்ன வழி என்று பார்க்க வேண்டும். தாமரைக் குளத்தை ஒட்டி ஆலமரத்தடியில் இருந்த கடைக்காரரிடம் பேசி முடித்தோம். படி எத்தனை, வயதானவர்கள் ஏற முடியுமா என்று பார்ப்பதற்காகப் பாதி மலை ஏறினோம்.

அங்கே பேச்சி நின்றுவிட்டாள். "மேடம், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நம்ம பால்வெளியில துடிக்கிற விண்மீன் ஒண்ண வச்சு ஓட்டிப் பாத்துட்டேன்."

"வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீக. மனசு கேக்கல."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று எங்கள் தொலைதூர மூலங்களின் படம். மற்றது, நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும், சீராக விட்டுவிட்டு ஒளிரும் ஒரு துடிவிண்மீனின் படம். அது துடிக்கும்போது வரும் வெளிச்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்துதான் வர முடியும். திரள்களுக்கு நடுவிலுள்ள காந்தம் அதைத் தொடவே வாய்ப்பில்லை. ஆனால் அதைச் சுற்றியும் ஒரு வட்டம் இருந்தது.

"அதே அகலமா?"

"அதே அகலந்தான். மூணு தடவ ஓட்டிட்டேன்."

கல் படி வெயிலில் காய்ந்து கிடந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு வாதாடத் தொடங்கினேன். "நம்ம பால்வெளியில பின்னணி வெளிச்சம் ஜாஸ்தி. அதுதான் வட்டமாத் தெரியுது."

"துடிக்கிறப்ப வர்றதுல இருந்து, துடிக்காதப்ப வர்றதக் கழிச்சிட்டேன் மேடம். பின்னணி அம்புட்டும் போயிருச்சு. அப்பவும் இருக்கு."

எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நான் கீழே குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேச்சி, நாளைக்கு ஒரு நாள் போகட்டும். பேசி முடிச்சிட்டு நிதானமாப் பாப்போம். இத நாளைக்கு வெளிய எடுக்க வேண்டாம்."

நான் குரலை உயர்த்தவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். பேச்சி தாள்களை உறைக்குள் திருப்பி வைத்தாள். "சரிங்க மேடம்" என்றாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கினாள். அவளுடைய விடுப்பு அந்த வருடம் ஜூனில் முடிய இருந்தது. அந்த வட்டம் இல்லாவிட்டால் அவளுடைய ஆய்வேட்டில் பாதி இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் இழப்பு அதிகம். அதைக்கூட அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பயன்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் வெளியூர் விருந்தினர்கள், தமிழ் தெரியாதவர்கள். பின்னால் நம் மாணவர்கள். கடைசி வரிசையில் பேச்சி. பெரியவர் மேடையில் தலைமை நாற்காலியில் இருந்தார். எனக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல்; பட்டுச் சேலை கட்டியிருந்தேன். நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எப்போதும் பேசியதில்லை. படத்தைக் காட்டியபோது பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முன்னால் குனிந்தார். கைதட்டல் நின்று ஓய நேரம் ஆனது.

கேள்விகள் உண்டா என்று பெரியவர் கேட்டார். ஒருவர், மொத்தம் எத்தனை மூலங்களை அடுக்கினீர்கள் என்றார். சொன்னேன். வேறு யாரும் எழவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு, கணினியின் வயரைக் கழற்றிக் கையில் சுற்ற ஆரம்பித்தேன்.

அப்போது பேச்சி எழுந்தாள். தமிழில் கேட்டாள்.

"மேடம், கிட்டக்க இருக்கிற விண்மீன் ஒண்ண வச்சு இதே மாதிரி ஓட்டிப் பாத்தீகளா? பாத்திருந்தா அதுல என்ன வந்துச்சு?"

அரங்கில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவி ஏதோ கேட்கிறாள், அவ்வளவுதான். பெரியவர் என் பக்கம் திரும்பி, "என்ன கேட்கிறார்?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கிட்டத்து மூலங்களையும் இனிமேல் பார்ப்பீர்களா என்று கேட்கிறார் என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். பார்ப்போம் என்று பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். பின் வரிசைப் பிள்ளைகளுக்குப் புரிந்தாலும், மரியாதைக்காகச் சும்மா இருந்துவிடுவார்கள். இரண்டாவது வரிசையில் துறைத் தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உள்விவரம் ஒன்றும் தெரியாது. நேரமாகிறது, முடியுங்கள் என்று விரலால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு, விடை வரட்டும் என்று நிற்கிற டீச்சரின் முகம். காத்துக்கொண்டு நின்றாள்.

கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். பிறகு பதிலும் சொன்னேன். "பார்த்தோம். பார்த்தது நான் அல்ல, இந்தக் கேள்வியைக் கேட்பவரே. அதிலும் இதே வட்டம், இதே அகலத்தில் வருகிறது. ஆகவே நான் இவ்வளவு நேரம் உங்களுக்குக் காட்டியது காந்தப்புலம் அல்ல. கருவி புள்ளியை அட்டவணையில் உள்ளதைவிட அதிகமாகப் பரப்புகிற விதம். இது எனக்கு நேற்றே தெரியும். தெரிந்தும் பேசினேன்."

கையில் சுற்றிய வயரை மேசைமேல் வைத்தேன்.

பெரியவர் பின் வரிசையைப் பார்த்து, "அந்தப் படம் கையில் இருக்கிறதா? நான் பார்க்கலாமா?" என்றார். பேச்சி பிளாஸ்டிக் உறையோடு நடந்து வந்தாள். இரண்டு தாள்களையும் அவர் மேசையில் அருகருகே வைத்தாள். கரும்பலகைக்குப் போய், பின்னணியை எப்படிக் கழித்தாள் என்று வரைந்து விளக்கினாள். நல்ல ஆங்கிலத்தில், தெளிவாக, இருபது நிமிடம் பேசினாள். அவளுக்கு ஆங்கிலம் இவ்வளவு சரளமாக வரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அப்படியிருந்தும் கேள்வியை ஏன் தமிழில் கேட்டாள் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டில் பெரியவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய மாணவர்களும் அதே அட்டவணையை நம்பி வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார்களாம். துடிவிண்மீன் கணக்கை வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் வணக்கம் மட்டும் சொன்னார். அதற்கு நான் தகுதியானவள்தான்.

துறைத் தலைவர் சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. செய்தித்தாளில் கருத்தரங்கு நடந்தது என்று மூன்று வரி வந்தது. அந்தச் சுற்றில் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது, யாரையும் கேட்கவும் இல்லை. கருத்தரங்கின் இரண்டாம் நாள் மாலை விருந்தினர்களோடு மறுபடி சமணர் மலை ஏறினேன். அந்தப் படியில் கால் வைக்கக் கூசியது.

ஜூனில் பேச்சி பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் சனிக்கிழமை தவறாமல் துறைக்கு வந்தாள். வட்டத்தை விட்டுவிட்டோம். வேறு வழியில் போனோம். காந்தப்புலமே இல்லை என்றால் இரண்டாம் தலைமுறை வெளிச்சம் இவ்வளவு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்படியானால் குறைந்தபட்சம் இவ்வளவு புலமாவது இருந்து, அதைத் திசைதிருப்பியிருக்க வேண்டும். இல்லாத வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிற வேலை. வெளிநாட்டிலும் சிலர் அதே சமயத்தில் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டுரை வெளிவந்தபோது நாங்கள் முதலாவதும் இல்லை, பெரிதாக யாரும் பேசவும் இல்லை. அதில் பேச்சி ஒரு பத்தி சேர்த்தாள். நாம் அந்த மூலங்களைப் பார்க்கத் தொடங்கி கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அவை இதே பிரகாசத்தில் எரிந்தனவா என்று நமக்குத் தெரியாது. புதிதாக எரியத் தொடங்கியவையாக இருந்தால், இரண்டாம் தலைமுறை இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கலாம். அப்போது நம் கணக்கு இவ்வளவு தூரம் தளர்ந்துவிடும். அந்தப் பத்தி எங்கள் முடிவை ஆயிரம் மடங்குக்கு மேல் பலவீனமாக்கியது. இந்தத் தடவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கட்டுரையில் யாராவது மேற்கோள் காட்டுகிறார்கள் என்றால், அந்தப் பத்தியைத்தான் காட்டுகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது வருகிறேன். ஆசையில் வந்ததா, நிஜமாக வந்ததா என்று கண்டுபிடிக்க உங்கள் அறிவு போதாது, எனக்குப் போதவில்லை. எந்தச் சோதனையை "தேவையில்லை" என்று இரண்டு தடவை சொல்கிறீர்களோ, அதை முதலில் செய்யுங்கள். உங்களைச் சரிபார்க்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, அவர் சொல்லும்போது கேட்க வேண்டும்.

பேச்சியின் வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று மாலை, பேருந்துக்காக இருவரும் சாலைக்கு வந்தோம். அவள் மேற்கே போக வேண்டும், நான் கிழக்கே. எனக்கு எதிர்ப்பக்க நிறுத்தம். இருந்தாலும் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். இத்தனை வருடமும் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் தமிழ்ல கேட்ட? உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே."

"இங்கிலீஷ்ல கேட்டிருந்தா, நான் உங்களக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிருக்கும் மேடம். தமிழ்ல கேட்டா, அவுகளுக்கு நீங்கதான எடுத்துச் சொல்லணும்."

"நான் மாத்திச் சொல்லியிருந்தா?"

"மாத்திச் சொல்லியிருந்தா, நான் பேசாம உக்காந்திருப்பேன். படிப்ப அதோட விட்டுட்டுச் சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். செக்கானூரணிப் பேருந்து வந்து நின்றது. "வாரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் நின்றபடியே, சன்னல் வழியாகக் குனிந்து, எதிர்ப்பக்கம் என் பேருந்து வந்துகொண்டிருப்பதைக் கையால் காட்டினாள்.